இன்டெக்ஸ் கேட்டார்களா, இன்வென்டரி கேட்டார்களா?

கேள்வி: நான் வேலை செய்யும் நிறுவனத்தின் ஆவண அறையை அண்மையில் என் பொறுப்பில் விட்டார்கள். பழைய கோப்புகள், வரைபடங்கள், புகைப்பட ஆல்பங்கள் என்று பல வருடச் சேமிப்பு. "இன்வென்டரி தயார் பண்ணுங்கள்" என்றார் மேலாளர். ஒவ்வொரு கோப்பாகப் பிரித்துப் பார்த்து, எதில் என்ன விஷயம், யார் பெயர், எந்த அலமாரி என்று அகர வரிசையில் ஆயிரம் வரிக்கு மேல் எக்செல்லில் ஏற்றினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்டெக்ஸ். நான் கேட்டது இன்வென்டரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டும் பட்டியல்தானே? வரிசையை மாற்றிக் கொடுத்தால் போதாதா? இத்தனை நாள் செய்த வேலை வீணா?

பதில்: உங்கள் வேலை வீணாகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மேலாளர் திருப்பிக் கொடுத்ததிலும் நியாயம் இருக்கிறது. ஆவண அறை, நூலகம், அருங்காட்சியகம், கிடங்கு என்று பொருள்களைப் பாதுகாக்கிற எந்த இடத்திலும் இந்தக் குழப்பம் வரும். ஆவணக் காப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவதும் இதைப் பற்றித்தான். இங்கே இன்வென்டரியை இருப்புப் பட்டியல் என்றும் இன்டெக்ஸை அடைவு என்றும் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் எது வழக்கமோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இருப்புப் பட்டியல் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிறது: நம் பொறுப்பில் என்னென்ன இருக்கின்றன? அறையில் உள்ள ஒவ்வொன்றும் அதில் ஒரு முறை வர வேண்டும். ஒன்றுகூட விடுபடக் கூடாது. எதுவும் இரண்டு முறை வரக் கூடாது. அந்தப் பொருள் முக்கியமானதா, யாராவது அதைத் தேடுவார்களா என்பதெல்லாம் அங்கே கணக்கில்லை. அடைவோ தேடி வருகிறவருக்காகச் செய்வது. அவர் மனதில் ஒரு விஷயம் இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது. அது எங்கே கிடைக்கும் என்று கை காட்டுவதுதான் அடைவின் வேலை. ஒரே கோப்பை ஐந்து பேர் ஐந்து விதமாகத் தேடி வரக்கூடும் என்றால் அது அடைவில் ஐந்து இடத்தில் வரும். யாரும் தேடவே மாட்டார்கள் என்றால் ஓரிடத்திலும் வராது. அதில் தப்பே இல்லை.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். உங்கள் அறையில் 214 என்று எண்ணிட்ட தடித்த கோப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலட்டையில் 'கட்டடப் பராமரிப்பு, 1987–1991' என்று எழுதியிருக்கிறது. பிரித்தால், கூரை ஒழுகியது பற்றிய கடிதங்கள், ஒப்பந்தக்காரரோடு நடந்த வாக்குவாதம், அதிலிருந்து முளைத்த ஒரு வழக்கின் நகல்கள், இரண்டாம் மாடியின் வரைபடம், ஓர் உறையில் புகைப்படங்கள். இருப்புப் பட்டியலில் இதற்கு ஒரு வரிதான். எண் 214, தலைப்பு, ஆண்டுகள், 186 தாள்கள், 1 வரைபடம், 12 புகைப்படங்கள், வடக்குச் சுவர் அலமாரியில் மூன்றாம் தட்டு, முதுகு கிழிந்திருக்கிறது, சரிபார்த்த தேதி, சரிபார்த்தவர் யார். அவ்வளவுதான். அடைவிலோ இதே 214 'கூரை' என்பதன் கீழ் வரும், ஒப்பந்தக்காரரின் பெயரில் வரும், 'வழக்குகள்' என்பதன் கீழ் வரும், 'வரைபடங்கள்' என்பதிலும் 'புகைப்படங்கள்' என்பதிலும் வரும்.

பக்கத்திலேயே 215 இருக்கிறது. ஒரு காலத்தில் அச்சடித்து, பயன்படுத்தாமலே விட்ட வெற்றுப் படிவங்களின் கட்டு. இருப்புப் பட்டியலில் அதற்குக் கண்டிப்பாக ஒரு வரி உண்டு. அடைவில் அதைச் சேர்த்தால் தேடுகிறவரின் நேரம்தான் வீண்.

இப்போது உங்கள் எக்செல் கோப்பைத் திறந்து, "இந்த அறையில் மொத்தம் எத்தனை கோப்புகள்?" என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள். ஆயிரத்துச் சொச்சம் வரி இருக்கிறது. ஆனால் ஒரே கோப்பு பல வரிகளில் வந்திருக்கும், சில கோப்புகள் வரவே வந்திருக்காது. மேலாளர் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே இதைக் கண்டுபிடித்திருப்பார். அடைவின் வரிகளைக் கூட்டி வருகிற எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. இருப்புப் பட்டியலின் வரிகளைக் கூட்டினால் வருவது அறையில் இருக்கிற பொருள்களின் எண்ணிக்கை.

வரிசையை மாற்றினால் போதாதா என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிடுகிறது. அகர வரிசை என்பது வெறும் அடுக்குமுறை. இருப்புப் பட்டியலை அகர வரிசையில் அடுக்கினாலும் அது இருப்புப் பட்டியலாகவே இருக்கும்; 'கட்டடப் பராமரிப்பு' என்பது க-வில் போய் உட்காரும், ஆனால் வழக்கைத் தேடி வருகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதேபோல அடைவின் வரிகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டுவிட்டால் அது இருப்புப் பட்டியல் ஆகிவிடாது.

சரி, இதற்காக ஒரு மனிதரின் உழைப்பையே திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம், இரண்டும் தொலைந்தால் ஏற்படும் நஷ்டம் ஒரே மாதிரி இல்லை என்பதுதான். அடைவு தொலைந்தால் வேலை கூடும், பொறுமை போகும். ஆனால் பொருள்கள் இருக்கிற வரையில் அவற்றைப் பிரித்துப் படித்து இன்னொரு அடைவு செய்துவிடலாம். கணினித் தரவுத்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அட்டவணையில் உள்ள இன்டெக்ஸை நீக்கினால் தேடல் மெதுவாகும், தகவல் ஒன்றும் போகாது, மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். இருப்புப் பட்டியல் தொலைந்தாலும் இன்னொன்று எழுதலாம்தான். ஆனால் அந்தப் புதிய பட்டியல் இன்று இருப்பதை மட்டுமே சொல்லும். நேற்று இருந்து இன்று இல்லாமல் போனது எது என்பதை அதனால் ஒருநாளும் சொல்ல முடியாது.

ஆலோசனைக்காக நான் போன ஒரு நிறுவனத்தில் அருமையான அடைவு இருந்தது. எந்தப் பெயரைக் கேட்டாலும் கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். அலுவலகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றியபோது ஒரு பெட்டி வந்து சேரவில்லை. அந்தப் பெட்டியில் எத்தனை கோப்புகள், எந்தெந்த ஆண்டுக்கு உரியவை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெட்டி போனது என்பதே, யாரோ ஒருவர் ஒரு கோப்பைக் கேட்டு அது இல்லாதபோதுதான் தெரிந்தது. அடைவில் ஏறாத கோப்புகள் அதில் எத்தனை இருந்தன என்பது இனி தெரியப்போவதில்லை.

இதன் தீவிரம் சர்வதேசச் சட்டம் வரை போகிறது. பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்க யுனெஸ்கோ 1970-இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அருங்காட்சியகத்திலோ நினைவுச் சின்னத்திலோ திருடப்பட்ட பொருள் தங்கள் நாட்டுக்குள் இறக்குமதியாவதை உறுப்பு நாடுகள் தடுக்க வேண்டும் என்கிறது அதன் 7-ஆவது பிரிவு. ஆனால் அந்தப் பொருள் அந்த நிறுவனத்தின் இருப்புப் பட்டியலைச் சேர்ந்தது என்று ஆவணப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவும் வைக்கிறது. பட்டியலில் ஒரு வரி இல்லாவிட்டால் உரிமை கேட்கும் பிடியே தளர்ந்துவிடுகிறது. யாரும் தேடாத பொருளுக்கும் ஒரு வரி வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த இரண்டும் தனித்தனி வேலை என்பது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதன்முதலில் அச்சில் விரிவாக விளக்கியவர் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி. 1494-இல் வெனிஸில் அச்சான அவருடைய நூலில், வியாபாரி முதலில் செய்ய வேண்டியது இருப்புப் பட்டியல் என்கிறார். ரொக்கம், நகை, சரக்கு, வீடு, நிலம், வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். அதுவும் ஒரே நாளில் எழுதி முடிக்க வேண்டும், இழுத்தடித்தால் பின்னால் சிக்கல் வரும் என்கிறார். அப்புறம் பேரேட்டைப் பற்றிப் பேசும்போது, அதற்கு ஓர் அகரவரிசை அடைவு வேண்டும் என்கிறார்: கடன்பட்டவர், கடன் கொடுத்தவர் பெயர்களை முதலெழுத்தின்படி எழுதி, யாருடைய கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்வதற்காக. ஒரே மனிதர், ஒரே நூலில் இரண்டையும் சொல்கிறார். ஒன்று தொடக்கத்தில் வருகிறது. மற்றது, பக்கங்கள் நிறையத் தொடங்கியபின் தேடுவதற்காக வருகிறது.

எது முதலில் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். அதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. அடைவு எதையாவது சுட்டிக்காட்ட வேண்டும். சுட்டிக்காட்ட நிலையான ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைக் கொடுப்பது இருப்புப் பட்டியல்.

உங்கள் பட்டியலில் நான் முதலில் மாற்றச் சொல்வதும் இதைத்தான். ஒவ்வொரு வரியிலும் நேரடியாக அலமாரியைக் குறித்திருக்கிறீர்கள். நாளைக்கே அலமாரியை இடம் மாற்றினால் ஆயிரம் வரியையும் திருத்த வேண்டும். எங்கோ ஒன்று விட்டுப்போகும். திருக்குறள் பதிப்புகளின் கடைசியில் வரும் முதற்குறிப்பு அகராதியை நினைத்துப் பாருங்கள். 'அகர முதல' என்று தேடினால் குறள் எண் 1 என்று காட்டும். 1330 வரையில் எண் நிலையானது என்பதால், கையில் இருப்பது எந்தப் பதிப்பாக இருந்தாலும், எழுத்து பெரியதோ சிறியதோ, உரை நீண்டதோ குறுகியதோ, குறள் கிடைத்துவிடும். அகராதி பக்க எண்ணை மட்டும் காட்டியிருந்தால் அந்த ஒரு அச்சுப் பிரதியைத் தாண்டி அதற்கு உயிர் இல்லை. உங்கள் அடைவும் அப்படித்தான் பொருளின் எண்ணைக் காட்ட வேண்டும். அந்த எண் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை இருப்புப் பட்டியல் சொல்லட்டும். அலமாரி மாறினால் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

எண் கொடுப்பது சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 1922-இல் பண்டைய எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறையைக் கண்டுபிடித்த தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர், உள்ளே இருந்தவற்றை வெளியே எடுக்குமுன் 1 முதல் 620 வரை எண் கொடுத்தார். பொருள்கள் ஐயாயிரத்துக்கும் மேல். அதனால் ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்தவற்றுக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, அதற்குள் எழுத்துகளால் பிரித்தார். 256 என்பது மம்மி. அதன் முகத்தில் இருந்த புகழ்பெற்ற பொன் முகமூடி 256ஏ. பின்னர் கெய்ரோ எகிப்திய அருங்காட்சியகத்தின் வரவுப் பதிவேட்டில் அதே முகமூடிக்கு 60672 என்று இன்னோர் எண் கிடைத்தது. முதல் எண், எந்தப் பொருள் எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதைக் காக்கிறது. இரண்டாவது எண், அது யார் பொறுப்பில் வந்தது என்பதைக் காட்டுகிறது. இரண்டில் எதுவும் 'முகமூடி' என்றோ 'பொன்' என்றோ தேடி வருகிறவருக்காக உண்டானது இல்லை. அதற்குத் தனி அடைவு வேண்டும். உங்கள் அறையிலும் ஒரே கயிற்றில் கட்டிக் கிடக்கும் கோப்புகளை அவசரப்பட்டுப் பிரித்துவிடாதீர்கள். சேர்ந்து கிடப்பதே ஒரு தகவல். கட்டுக்கு ஓர் எண்ணும் உள்ளே இருப்பவற்றுக்குத் துணை எண்களும் கொடுங்கள்.

இருப்பு எடுக்கும்போது இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் பொருளைக் கையில் எடுத்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். கதவுக்கு அருகில் உள்ள அலமாரியின் மேல் தட்டில் இடது ஓரத்தில் தொடங்கி, சுவரை ஒட்டியபடியே சுற்றி வாருங்கள். சுவாரசியமான கோப்பு கையில் கிடைத்தால் படிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். இந்த வேலையில் எல்லோருக்கும் வருகிற சபலம் அது. வேலை முடியும்வரை அறையிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது, புதிதாக எதுவும் உள்ளே வரக் கூடாது. பாச்சோலி ஒரே நாளில் என்று சொன்னதன் பொருளும் இதுதான். உங்களால் ஒரே நாளில் முடியாது, பரவாயில்லை. ஒவ்வோர் அலமாரியையாவது ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். பாதியில் விட்ட தட்டு மறுநாள் வேறு மாதிரி இருக்கும். ஏற்கெனவே யாராவது எடுத்துப்போன கோப்பு இருந்தால், அதற்கும் ஒரு வரி எழுதி, யாரிடம், எந்தத் தேதியிலிருந்து என்று குறியுங்கள்.

எழுதி முடித்ததும் சரிபார்ப்பது இரண்டு திசையிலும் நடக்க வேண்டும். தணிக்கையாளர்கள் சரக்கைப் பரிசோதிக்கும்போது இதைத்தான் செய்வார்கள். பட்டியலிலிருந்து சில வரிகளை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போய், பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அலமாரியிலிருந்து கைக்கு வந்த சில பொருள்களை எடுத்துக்கொண்டு வந்து, பட்டியலில் வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் சோதனை, இல்லாததை இருப்பதாக எழுதியிருந்தால் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, இருப்பதை எழுதாமல் விட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் எழுதாமல் விட்டது தொலைந்தால் தொலைந்ததே தெரியாது.

பின்னாளில் ஒரு பொருள் காணாமல் போனாலோ, முறைப்படி அழித்தாலோ, வரியை நீக்கிவிடாதீர்கள். 'காணவில்லை' அல்லது 'அழிக்கப்பட்டது' என்று தேதி போட்டு எழுதி, அந்த வரியை அப்படியே விட்டுவையுங்கள். அந்த எண்ணை வேறு பொருளுக்குக் கொடுக்கவும் கூடாது.

இனி அடைவு. இங்கேதான் உங்கள் உழைப்பு பலன் தரப்போகிறது. ஏனென்றால் கோப்பைப் பிரித்துப் படித்தவர் நீங்கள். இருப்பு எடுக்கிறவருக்கு மேலட்டை தெரிந்தால் போதும், அடைவு செய்கிறவருக்கு உள்ளே இருப்பது தெரிய வேண்டும். அதைவிட முக்கியமாக, வெளியே நிற்கிறவர் எந்தச் சொல்லோடு வருவார் என்பது தெரிய வேண்டும். கோப்பில் 'மேற்தள நீர்க்கசிவு' என்று இருக்கலாம். தேடுகிறவர் 'கூரை ஒழுகல்' என்று கேட்பார். ஒன்றைத் தலைப்பாக வைத்துக்கொண்டு, மற்றதில் 'கூரை காண்க' என்று ஒரு வரி போடுங்கள். ஆள் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒரே மனிதர் ஒரு கடிதத்தில் முன்னெழுத்தோடு, இன்னொன்றில் முழுப் பெயரோடு, வேறொன்றில் பதவிப் பெயரில் மட்டும் வருவார். மூன்றும் ஓரிடத்துக்கு வந்து சேர வேண்டும். ஒரு தலைப்பின் கீழ் நாற்பது எண்கள் வரிசையாக நின்றால் அது அடைவே இல்லை, தேடுகிறவரை அலைய விடுகிறது, உள்தலைப்புகளாகப் பிரியுங்கள். எல்லாவற்றையும் அடைவில் ஏற்ற வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு பெயர் ஒரு கடிதத்தில் வணக்கம் சொன்னதோடு முடிந்துவிட்டது என்றால், அதை ஏற்றத் தேவையில்லை. இந்தத் தேர்வு உங்கள் தீர்ப்பு. இருப்புப் பட்டியலில் உங்களுக்கு அந்த உரிமை கிடையாது.

நூலகத்தில் பழகியவர் என்றால் ஒரு சந்தேகம் வரலாம்: அங்கே உள்ள கேட்டலாக் இவற்றில் எது? அது இரண்டுக்கும் நடுவில் நிற்பது. ஒவ்வொரு நூலையும் விவரிக்கிறது, ஆசிரியர், தலைப்பு, பொருள் என்று பல வழியில் தேடவும் விடுகிறது. ஆனாலும் புத்தகங்களைச் சரிபார்க்கும்போது நூலகர்கள் அக்சஷன் ரிஜிஸ்டரைத்தான், அதாவது வந்து சேர்ந்த ஒவ்வொரு நூலுக்கும் எண் கொடுத்துப் பதிந்த ஏட்டைத்தான், எடுக்கிறார்கள். கணக்கு விவகாரங்களில் சரக்கையே இன்வென்டரி என்பார்கள். பங்குச் சந்தையிலும் விலைவாசியிலும் இன்டெக்ஸ் என்பது குறியீட்டெண். அவற்றை உங்கள் அறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஒரே எக்செல் கோப்பில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே தாளில் வேண்டாம். முதல் தாள் இருப்பு: ஒரு பொருளுக்கு ஒரு வரி. இரண்டாம் தாள் அடைவு: தலைப்பு, அதற்கு நேராகப் பொருளின் எண், தேவைப்பட்டால் கோப்புக்குள் தாள் எண். நீங்கள் செய்து வைத்திருக்கும் ஆயிரம் வரியும் இரண்டாம் தாளுக்கு அப்படியே போகட்டும். அலமாரி என்ற நெடுவரிசையை இப்போதைக்கு அழிக்காதீர்கள். இருப்பு எடுத்து எண் கொடுத்ததும், அதை வைத்தே எந்த வரி எந்தக் கோப்பு என்று அடையாளம் கண்டு எண்ணை நிரப்பலாம். நிரப்பி முடித்தபின் அந்த நெடுவரிசையை எடுத்துவிடுங்கள். எண் கிடைக்காமல் சில வரிகள் மிஞ்சினால், அந்தக் கோப்புகளை உடனே தேடுங்கள். நீங்கள் பிரித்துப் பார்த்த நாளுக்கும் இருப்பு எடுத்த நாளுக்கும் இடையில் அவை எங்கோ போயிருக்கின்றன.

மேலாளரிடம் முதல் தாளை மட்டும், தேதியும் இருவர் கையொப்பமும் போட்டு, முதலில் கொடுத்துவிடுங்கள். அடைவை நிதானமாகச் செய்து முடிக்க அவரிடம் அவகாசம் கேளுங்கள். கேட்டால் கொடுப்பார் என்றே நினைக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்தானே.